இடப்பக்கம் வந்து நின்ற வாசம்

இல்லாத வாசம் மூக்கில் ஏறுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. பேயும் பிடிக்கவில்லை. இதை எனக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்துக்குள் என் வாயால் ஒரு பெரிய தப்பு நடந்துபோனது. ஆஸ்பத்திரியில் பட்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தத் தப்பை விட்டுவிட்டு இதை எழுத முடியாது.

நான் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். எங்கள் தோட்டத்துக்குச் சைக்கிளில் தபால் கொண்டுவந்த கோவிந்தசாமியைக் கட்டிக்கொண்டு மலாக்கா டவுனுக்கு, காஜா பேராங்கில் செட்டிகள் குடியிருக்கும் செட்டி கம்பத்துக்கு வந்தேன். என் கணவர் வீட்டார் மலாக்காச் செட்டிகள். நம்மைப் போலத்தான் திருநீறு பூசுவார்கள், மாரியம்மனைக் கும்பிடுவார்கள். பேச்சு மட்டும் மலாய். பல தலைமுறைக்கு முன்பே தமிழ் அவர்கள் நாக்கை விட்டுப் போய்விட்டது. என் கணவருக்குத் தோட்டம் தோட்டமாகத் தபால் போட்டதில் கொஞ்சம் தமிழ் ஒட்டியிருந்தது. மாமியாருக்கு அதுவும் இல்லை. இந்த வீட்டில் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மாமியாரை மாக் என்று கூப்பிடுவேன். மலாயில் அம்மா என்று அர்த்தம். அவர் பேசிய மலாயை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியும் குழந்தை இல்லை. நான் அரைத்த மிளகாய்ச் சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் விரலைத் துடைத்துக்கொள்வார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். விரலைத் துடைப்பவரிடம் என்ன சண்டை போடுவது?

மாமனாரை நான் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போனவரைத் தெருவிலேயே பிடித்து லோரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அதோடு சரி. செத்தார் என்று சொல்லவும் ஆள் வரவில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் வரவில்லை. ஊருக்கெல்லாம் கடுதாசி கொண்டுபோய்க் கொடுக்கிற மகன், தன் வீட்டுக்கு மட்டும் பதினான்கு வருடமாக அந்த ஒரு கடுதாசியைக் கொண்டுவர முடியவில்லை. கிளேபாங்கில் ஒருவர் சண்டை முடிந்து ஒன்பது வருடம் கழித்துச் சயாமிலிருந்து நடையும் லோரியுமாக வந்து சேர்ந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. மாக் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்தார்.

செட்டி வீடுகளில் பார்ச்சு என்று ஒன்று உண்டு. பொங்கலுக்கு முதல் நாள் ஒரு தடவை, பழங்கள் வரும் காலத்தில் ஒரு தடவை, செத்துப்போனவர்களைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாழை இலை. அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, சாம்பிராணி போட்டுவிட்டு, அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று வீட்டார் வெளியே வந்துவிடுவார்கள். இதில் மாமனாருக்கு என்ன செய்வது? இலை போட்டால் செத்தார் என்று ஆகிவிடும். அதனால் மாக் அவருக்கு இலை போடுவதில்லை. அவர் பங்கை ஒரு பீங்கான் தட்டில் எடுத்து, அடுக்களை மேசையில் பின்னல் மூடியால் மூடி வைப்பார். உயிரோடு இருப்பவருக்குத் தட்டு, செத்தவருக்கு இலை. அடுத்த நாள் காலையில் அந்தத் தட்டுச் சோறு கோழிக்குப் போகும்.

முதல் தடவை அது வந்தபோது நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சீனப் புத்தாண்டு முடிந்து சில நாள் இருக்கும். எங்கிருந்தோ ஒரு புகை வாசம் வந்தது. இனிப்பும் கசப்புமான வாசம். அடுப்பைப் பார்த்தேன், ஒன்றும் கருகவில்லை. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல மேலே ஏறியது. இடது கையில் எறும்பு ஊருவது போல இருந்தது, அப்புறம் இடது கன்னத்தில். அதே சமயம் என் இடப்பக்கத்தில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் சுவர்தான். ஆனாலும் ஆள் நிற்பது தெரிகிறது. பின்னால் வந்து நிற்பவரை முதுகு உணருமே, அப்படித்தான். ஒரு நிமிடம்கூட இருக்காது, போய்விட்டது. கையில் மீன் அப்படியே இருந்தது.

வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று வர ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஏற்கெனவே எனக்கு இந்த வீட்டில் ஒன்றும் தெரியாது என்று பெயர், அதற்கு மேல் இது வேறா என்று இருந்தேன். ஒருநாள் மாக் எதிரிலேயே வந்துவிட்டது. நான் பேச்சை நிறுத்திவிட்டு உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேனாம். அது எனக்கு நினைவில்லை.

"என்ன பாத்த?" என்று கேட்டார்.

"பாக்கல மாக். ஒரு புகை வாசம். பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி."

"சாம்பிராணி வாசமா?"

சாம்பிராணி எனக்குத் தெரியாத வாசமா? இது அதுவா என்று கேட்டால் அதுதான் என்று சொல்ல முடியாது, அது இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆமாம் என்றேன்.

"எந்தப் பக்கம் நின்னாரு?"

"இந்தப் பக்கம்." இடது தோளைக் காட்டினேன்.

மாக் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். மாமனாருக்கு இடது காது கேட்காதாம். சின்ன வயதில் வந்த சீழ். அதனால் யாரோடு நின்றாலும் நடந்தாலும், நல்ல காது நம் பக்கம் இருக்கும்படி நம் இடப்பக்கமாகவே வந்து நிற்பாராம். நான்கு வருடத்தில் இதை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

"ரொக்கோ வாசமும் இருந்துச்சா? நீப்பா ஓலையில சுத்துற ரொக்கோ?"

அவர் முகம் என் முகத்துக்கு அவ்வளவு கிட்டே இருந்தது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் ஒன்றை எதிர்பார்த்துக் கேட்கிறார். புகையிலை வாசம் எதுவும் இல்லை. நீப்பா ஓலைச் சுருட்டு எப்படி இருக்கும் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

"ஆமா மாக்," என்றேன்.

அந்த ஒரு ஆமா போதுமாக இருந்தது. அன்றையிலிருந்து என் சம்பலைத் தொட்டுவிட்டு விரலைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். மீனில் நடுத்துண்டு எனக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால், "இவ கிட்டத்தான் வர்றாரு" என்று என்னைக் காட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வாசம் வராத வாரம்கூட, வந்ததா என்று கேட்டால், லேசாக வந்தது என்று சொல்லியிருக்கிறேன். எதற்காக வருகிறார் என்று மாக் ராத்திரி பகலாக யோசித்து, தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். மனிதர் செத்துப்போயிருக்கிறார். பதினான்கு வருடமாக இலை இல்லாமல் பட்டினி கிடக்கிறார். அதைக் கேட்கத்தான் வருகிறார்.

பழக்காலப் பார்ச்சுக்கு மாக் அவருக்கு இலை போட்டார். மங்குஸ்தீன், ரம்புத்தான், டுரியான் சுளை, புளி போட்ட மீன், கறுப்புக் காப்பி. கடைசியாக ஓர் ஓலைச் சுருட்டை இலை ஓரத்தில் வைத்தார். பிறகு கழுத்திலிருந்த தாலிச் சங்கிலியின் கொக்கியைக் கழற்றி, அதைச் சுருட்டி வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். அழுதார். சத்தம் போட்டு, பிணம் கிடக்கும் வீட்டில் அழுவது போல, பதினான்கு வருடத்தையும் சேர்த்து அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசமே வராத நாள் அது.

ஆகஸ்டு மாதக் கடைசியில், சுதந்திரம் வருகிறது என்று வீட்டுக்கு வீடு கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஏணியில் நின்று வாசலில் கொடி கட்டிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று கயிறு கொடுத்துக்கொண்டிருந்தேன். புகை வாசம் வந்தது. இடப்பக்கம் ஆள் வந்து நின்றார். கை மரத்தது. அதோடு போகாமல் முகம் இழுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். பாவாடை நனைந்திருந்தது. கூடி நின்றவர்களில் யாரோ காக்கா வலிப்பு என்று சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். வெளியே நீள பெஞ்சில் எல்லாச் சாதி சனமும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. எனக்கு ஒரு பக்கம் இருமல்காரச் சீனக் கிழவர், இன்னொரு பக்கம் கால் வீங்கிய மலாய்க்கார அம்மா. காலையில் உட்கார்ந்தவள் மத்தியானம்தான் உள்ளே போனேன். அந்த மலாய்க்கார அம்மா தன் பொட்டலத்திலிருந்து ஒரு வாழைப்பழப் பலகாரத்தை எடுத்து என் கையில் வைத்தார். கடித்த நாக்கால் சாப்பிட முடியவில்லை. இருந்தாலும் அதை வைத்துக்கொண்டிருந்ததில் ஒரு தைரியம் இருந்தது.

பெண்கள் வார்டில் படுக்கை கொடுத்தார்கள். டாக்டர் சின்ன வயது யாழ்ப்பாணத்துக்காரர். முட்டியில் சுத்தியால் தட்டினார், கண்ணில் விளக்கடித்தார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். தலையை நான்கு பக்கமும் எக்ஸ்ரே எடுத்தார்கள், உள்ளே கட்டி ஏதும் எலும்பை அரித்திருக்கிறதா என்று பார்க்க. மறுநாள் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளையில் கிருமி இருந்தால் அந்த நீரில் தெரியுமாம். குத்தும்போது கர்ப்பத்துக் குழந்தை போல முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடக்க வேண்டும். நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வலியைவிடப் பின்னால் வந்த தலைவலிதான் கொடுமை. ஒரு நாள் முழுக்கத் தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தேன். மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தால் குமட்டியது. செத்துப்போய்விடுவேனோ என்று பயந்தேன். செத்தால் எனக்கும் ஓர் இலை போடுவார்கள், அதில் என் அம்மா செய்யும் கருவாட்டுக் குழம்பை வைக்க இந்த வீட்டில் யாருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விழுறதுக்கு முன்னம் என்ன நடந்தது? ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ."

"சாம்பிராணி வாசம் வரும் டாக்டர். ஒருத்தர் வந்து நிப்பாரு."

"சாம்பிராணி எண்டு முதல் சொன்னது ஆர்? நீங்களோ, வேற ஆக்களோ?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்தேன். "மாமியார்," என்றேன்.

"அப்ப அந்தச் சொல்லை விட்டுடுங்கோ. அது என்ன மணம் எண்டு நான் சொல்ல மாட்டன். கண்ணை மூடிக்கொண்டு நீங்கதான் சொல்ல வேணும்."

கண்ணை மூடினேன். பிறகு என் வாய் தானாகச் சொன்னது. "தோட்டத்துல ரப்பர் ஷீட்டப் புகை போடுற வீடு இருக்கும் டாக்டர். சின்னதுல அதுக்குப் பின்னாலதான் விளையாடுவோம். அந்த வாசம். யாரோ அதுல சக்கரையக் கொட்டுன மாதிரி."

"நிக்கிற ஆள்? ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"தெரியல டாக்டர்." சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. உண்மையாகவே எனக்குத் தெரியாது. மாமனார் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. மாக் சொன்னார், நான் ஆமா போட்டேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். "மூளை எண்டது மின்சாரத்தில வேலை செய்யுற சாமான். சில பேருக்கு ஒரு மூலையில மட்டும் மின்சாரம் திடீரெண்டு கூடிப்போகும். அந்த மூலைக்கு என்ன வேலையோ அது நடக்கும். கைக்குரிய இடமெண்டாக் கை இழுக்கும். மணத்துக்குரிய இடமெண்டா இல்லாத மணம் வரும். ஆள் நிக்கிற மாதிரி இருக்கிறதும் அப்படித்தான். அதுவும் வலிப்புத்தான், சின்ன வலிப்பு. அண்டைக்கு அது மூளை முழுக்கப் பரவினபடியாத்தான் விழுந்தீங்கள்."

"ஏன் டாக்டர் எப்பவும் இடப்பக்கமே நிக்கிறாரு?"

"வலப்பக்க மூளைதான் இடப்பக்க உடம்பைப் பாக்கிறது. உங்களுக்கு வலப்பக்கத்தில கோளாறு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொல்லிவிட்டார். மாமனாரின் செவிட்டுக் காதுக்கும் என் இடது தோளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சின்ன வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததா என்று கேட்டார். சண்டைக் காலத்தில் மலேரியாக் காய்ச்சலில் ஒரு தடவை வெட்டி வெட்டி இழுத்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் மூளையில் விழுந்த தழும்பாக இருக்கலாம் என்றார். தலையில் கம்பி ஒட்டி மூளையின் மின்சாரத்தைத் தாளில் எழுதும் கருவி அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. "நீங்க சொன்ன கதையே எனக்குக் காணும்," என்றார். காணும் என்றால் அவர்கள் பேச்சில் போதும். வெள்ளைச் சின்ன மாத்திரை கொடுத்தார். ஒரு வேளையும் விடக் கூடாது, அடுப்புக்குக் கிட்டே தனியாக நிற்கக் கூடாது, கிணற்றடிக்குத் துணையோடு போக வேண்டும். மாத்திரை ஆளைத் தூங்க வைக்கும், போகப் போகச் சரியாகும் என்றார்.

மத்தியானம் தபால் பை இல்லாமல், சீருடையோடு என் கணவர் வந்தார். கையில் அடுக்குத் தூக்கு. மாக் கொடுத்து அனுப்பிய கஞ்சி. கடித்த நாக்குக்கு உறைக்கக் கூடாது என்று மிளகுகூடப் போடாமல், மீனை முள் எடுத்து நசுக்கிப் போட்டிருந்தார். ஒவ்வொரு நாளும் இப்படித்தான் வந்தது. ஒரு முள்கூட என் வாயில் தட்டுப்பட்டதில்லை. கஞ்சியைக் குடித்துக்கொண்டே டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். ரொக்கோ விஷயத்தையும் சொன்னேன்.

அவர் தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "மாக் கிட்ட சொல்லாத லா," என்றார்.

"பொய்தானேங்க. நான் சொன்னத வச்சித்தான் அவங்க தாலியக் கழட்டுனாங்க."

"தெரியும். ஆனா இப்பதான் அவங்க தூங்குறாங்க. முன்ன வாசல்ல சைக்கிள் சத்தம் கேட்டாலே எழுந்து வருவாங்க. நான்தான் மாக்னு சொல்வேன். திரும்பிப் போய்ப் படுப்பாங்க. சின்னப் புள்ளையில இருந்து அந்த மூஞ்சியப் பாத்துட்டேன். போதும் விடு."

"அவரு உயிரோட இருந்தா?"

"இருந்தா வந்திருப்பாரு," என்று சொல்லிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை என்னை அரை ஆளாக்கியது. பேச்சு குழறியது, வெங்காயம் உரிக்கும்போதே தூங்கி விழுந்தேன். ஆனால் புகை வாசம் நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம், வரவேயில்லை. மாத்திரையை மாக் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். காலையில் முகம் கழுவி வந்தால் ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் வெந்நீர். ராத்திரியும் அப்படியே. நான் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நகர மாட்டார். வலிப்புக்கு மாத்திரை, வருகிற ஆளுக்கும் இதற்கும் என்ன என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கிணற்றடிக்குப் போனால் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். அவர் அப்படிப் பார்த்துக்கொள்ளப் பார்த்துக்கொள்ள, எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டே மாக் கேட்டார். "அவரு வந்தா இந்தத் தடவை என்ன வேணும்னு கேளு. போன தடவை புளி கூடிப்போச்சு. சாப்பிட்டாரோ என்னமோ."

வேண்டிய அளவு பொய் சொல்லியாகிவிட்டது. இன்னொன்று என் வாயில் வரவில்லை. "மாக், அவரு வரமாட்டாரு," என்றேன். "எப்பவும் வரல. அது வியாதி." டாக்டர் சொன்ன மின்சாரத்தையும் மூலையையும் எனக்குத் தெரிந்த மலாயில் உடைத்து உடைத்துச் சொன்னேன். வலப்பக்க மூளையையும் சொன்னேன். அவர் மீனை ஆய்வதை நிறுத்தவில்லை.

"ரொக்கோ வாசம்?"

"இல்ல மாக். நீங்க கேட்டீங்க. நான் ஆமான்னு சொல்லிட்டேன்."

"ஏன் சொன்ன?"

"நீங்க என்கிட்ட அப்படிப் பேசுனதே இல்ல. அதான்."

கத்தி நின்றது. கோபமாகக் கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "பதினாலு வருஷம் நான் அவர உயிரோட வச்சிருந்தேன். நீ அஞ்சாறு மாசத்துல சாகடிச்சிட்ட."

மீன் செதிலைப் பொறுக்கி வாளியில் போட்டேன். கண்ணீர் மீன் மேலேயே விழுந்தது. அன்று ராத்திரி அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் மாத்திரையும் வெந்நீரும் வந்தன. நான் வாயைத் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டுப் போனார்.

பார்ச்சு நாள் காலையில் அடுக்களை அல்லோலகல்லோலம். விடியும் முன்பே தேங்காய் துருவ ஆரம்பித்து, நாத்தனார்கள் வந்து, யார் எதைச் செய்வது என்ற சண்டையில், மாக் முதல் தடவையாக மாத்திரையை மறந்தார். நானும் மறந்தேன். மத்தியானத்துக்குமேல் இலைகளைப் போட்டோம். எண்ணிப் பார்த்தேன், ஓர் இலை குறைந்தது. மாக் அலமாரியிலிருந்து பழைய பீங்கான் தட்டை எடுத்து, துடைத்து, சோறும் மீனும் வைத்து, அடுக்களை மேசையில் பின்னல் மூடியால் மூடினார். என் கணவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எதிர்கொள்ள முடியாமல் நான் குனிந்துகொண்டேன்.

படையலுக்கு முன் மாக் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் வெற்றிலைப் பெட்டி திறந்திருந்தது. சங்கிலியைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கொக்கியை மாட்ட முடியாமல் தடவிக்கொண்டிருந்தார்.

"கண்ணு தெரியல. நீ மாட்டு."

பின்னால் போய் நின்றேன். சங்கிலியின் இரண்டு முனையையும் வாங்கினேன். அப்போது வந்தது. முதலில் வயிற்றிலிருந்து ஏறியது, பிறகு வாசம். இந்தத் தடவை புகைவீட்டு வாசம் இல்லை, சர்க்கரையும் இல்லை. காய்ந்த ஓலையும் புகையிலையும் சேர்ந்து எரிகிற வாசம். யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. என் இடப்பக்கம், மிகக் கிட்டே, ஒருவர் நின்றார். இடது விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன. மாத்திரை போடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டாக்டரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்பதும் தெரியும். நானே பலமுறை சொல்லிச் சொல்லி என் மூளைக்குள் ஏற்றிய வாசம் அது. எல்லாம் தெரிந்துதான் நின்றேன். கொக்கி இரண்டு தடவை நழுவியது.

கண்ணாடியில் மாக் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கண் என் இடது தோளுக்குப் பக்கத்தில், ஒன்றும் இல்லாத இடத்துக்குப் போனது.

"என்ன?"

"கொக்கி சின்னது மாக்."

"வாசம் ஏதும் வருதா?"

வலது கையால் முனையை அழுத்திப் பிடித்து மாட்டினேன். மாட்டிக்கொண்டது.

"இல்ல மாக்," என்றேன். "ஒண்ணும் வரல."

அவர் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு எழுந்தார். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அது போகும்வரை நின்றேன். போன பிறகு தனியாகப் போய் மாத்திரையை விழுங்கினேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு வேளை மாத்திரையும் தவறவில்லை, ஒரு வாசமும் வந்ததில்லை. பார்ச்சுக்குப் பார்ச்சு பீங்கான் தட்டு மேசைக்கு வருகிறது. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் மாக் எழுந்து போகிறார். "நான்தான் மாக்" என்று அவர் மகன் சொல்கிறார். திரும்பி வந்து உட்காருகிறார். நான் குணமானதன் விலை அது. அதை நான் கொடுக்கவில்லை, அவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மாக் மாத்திரையும் வெந்நீருமாக வந்து நின்றார். என் தோளுக்கு மேலே எட்டித் தாளைப் பார்த்தார். சுழித்துச் சுழித்து இருக்கும் இந்த எழுத்து அவருக்குக் கோலம் மாதிரிதான்.

"என்ன இவ்வளவு எழுதுற?"

"ஆஸ்பத்திரியில இருந்தத எழுதுறேன் மாக்."

"கஞ்சி குடுத்து விட்டேனே, அதை எழுதுனியா?"

"எழுதுனேன்," என்று சொல்லி மாத்திரையை வாங்கி விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டினேன்.